கழிவுத்தோலில் பிறக்கும் கொலாஜன்: லாபம் யார் கைக்கு?

காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் கேப்சூலின் மேலுறை எதனால் ஆனது? பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கும் ஜெல்லி மிட்டாய் ஏன் துள்ளுகிறது? முகம் பளபளக்கும் என்று சொல்லி விற்கப்படும் கொலாஜன் பொடி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் மாடு, ஆடு, பன்றி, மீன் ஆகியவற்றின் தோலிலும் எலும்பிலும் இருந்துதான்.

தோலைத் தொட்டவன் என்று சொல்லி ஒரு சமூகத்தையே ஊருக்கு வெளியே நிறுத்தியது இந்த நாடு. அதே தோல் வெள்ளைப் பொடியாகி டப்பாவில் அடைபட்டு வந்தால், எந்தச் சாதி வீட்டு அலமாரியிலும் இடம் கிடைக்கிறது. தோலை உரித்தவருக்கும் கழுவியவருக்கும் இதில் என்ன பங்கு என்ற கேள்வியை நாம் இப்போதே கேட்டாக வேண்டும். காரணம், நம் மாவட்டம் இருக்கும் இடம்.

பாகலூரை எடுத்துக்கொள்வோம். ஓசூரிலிருந்து மாலூர் போகும் சாலையில், கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கிறது. ஒரு பக்கம் ஓசூர் சிப்காட், இன்னொரு பக்கம் பெங்களூரு. இரண்டு இடத்திலும் மருந்து ஆலைகளும் உணவு ஆலைகளும் இயங்குகின்றன. கிழக்கே கிருஷ்ணகிரியைத் தாண்டினால் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தமிழ்நாட்டின் தோல் பதனிடும் ஊர்கள் வரிசையாக வருகின்றன. கழிவுத்தோல் கிடைக்கும் இடத்துக்கும் அதை வாங்கக்கூடிய ஆலைகளுக்கும் நடுவில் நம் மாவட்டம் உள்ளது. கழிவுத்தோலிலிருந்து கொலாஜனும் ஜெலட்டினும் எடுக்கும் தொழில் இந்தப் பக்கம் கால் வைத்தால் அதில் வியப்பில்லை.

பாயாவில் இருக்கும் பாடம்

ஜெலட்டின் என்றதும் ஏதோ ஆய்வுக்கூட விஷயம் என்று நினைக்க வேண்டாம். ஆட்டுக்கால் பாயா வைத்த சட்டியை மறுநாள் காலை திறந்தால் குழம்பு கட்டியாக உறைந்து கிடக்குமே, அதுதான் ஜெலட்டின். தச்சர்கள் மரம் ஒட்டக் காய்ச்சிய வஜ்ஜிரமும் இதே பொருள்தான். தோலையும் சவ்வையும் காய்ச்சி வஜ்ஜிரம் எடுக்கும் வித்தை நம் முன்னோருக்குத் தெரியும். அதைச் சாப்பிடும் அளவுக்குச் சுத்தமாக எடுப்பதுதான் இன்றைய தொழில்.

பச்சைத்தோலில் பெரும்பகுதி தண்ணீர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புரதம். அந்தப் புரதத்தில் பெரும்பாலானது கொலாஜன். மூன்று இழைகளை முறுக்கிய கயிறுபோல அதன் அமைப்பு இருக்கும். அந்த முறுக்கை 1954-ல் உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அதே சென்னையில், அடையாறில், 1948-ல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தோல் கழிவிலிருந்து கொலாஜனைப் பிரிப்பது, தீக்காயத்துக்குக் கொலாஜன் படலம் செய்வது என்று பல ஆண்டுகளாக அங்கே ஆய்வு நடக்கிறது. இந்த அறிவுக்காக நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை.

தோல் ஆலையில் கழிவுக்குப் பஞ்சமும் இல்லை. ஆயிரம் கிலோ பச்சைத்தோல் உள்ளே போனால் சுமார் 200 கிலோ பதனிட்ட தோல்தான் வெளியே வரும் என்பது இந்தத் தொழிலில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. மீதியெல்லாம் முடி, கொழுப்பு, சவ்வு, ஓரத்தில் வெட்டிய துண்டு, சீவல் என்று வெளியேறுகிறது. இவற்றில் பதனிடுவதற்கு முன்பே கழிக்கப்படும் காது, வால், கால் ஓரத் துண்டுகளும், சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்துப் பிளந்த உள்தோலும்தான் ஜெலட்டினுக்கு ஏற்றவை.

எலுமிச்சை, வினிகர், தயிர்

கழிவுத்தோலைப் பொடியாக்குவது எப்படி? துண்டுகளை முதலில் உப்பு போகக் கழுவுகிறார்கள். சுண்ணாம்பு நீரிலோ லேசான காரத்திலோ ஊறவைத்து முடியையும், கொலாஜன் அல்லாத பிற புரதங்களையும் நீக்குகிறார்கள். கொழுப்பை எடுக்கிறார்கள். பிறகு வருவது அமிலம்.

கந்தக அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் இந்தத் தொழிலில் நெடுங்காலமாகப் புழங்குபவை. இப்போது அவற்றுக்குப் பதிலாக உணவுத்தர அமிலங்களைப் பயன்படுத்தும் முறை பேசப்படுகிறது. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம், எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம், தயிரில் உள்ள லாக்டிக் அமிலம் ஆகியவையே அவை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 30 கிராம் அசிட்டிக் அமிலம் கலந்த கரைசல் ஆய்வுக்கூடங்களில் வழக்கமானது. அதில் தோல் துண்டைப் போட்டால் இழைகள் தண்ணீரை உறிஞ்சிக் கண்ணாடிபோல உப்புகின்றன. முறுக்குகள் தளர்கின்றன.

இந்த இடத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. கொலாஜன் வேண்டுமானால் குளிர் தேவை. 4 டிகிரி செல்சியஸ் அளவில் ஒன்றிரண்டு நாள் ஊறவைத்து, கரைந்த கொலாஜனை வடிகட்டி, உப்பிட்டுத் திரட்டி, மீண்டும் சுத்தம் செய்து, உறையவைத்து உலர்த்த வேண்டும். சூடு 40 டிகிரியை நெருங்கினாலே கயிற்றின் முறுக்கு அவிழ்ந்துவிடும். ஜெலட்டின் வேண்டுமானால் அந்த முறுக்கை அவிழ்ப்பதே வேலை. உப்பிய தோலை 50, 60 டிகிரி வெந்நீரில் தொடங்கிப் படிப்படியாகச் சூடேற்றிச் சாறு எடுக்கிறார்கள். முதல் சாறுதான் உயர்ந்த தரம். வடிகட்டி, சுண்டவைத்து, கிருமி நீக்கி, குளிரவைத்து, உலர்த்திப் பொடியாக்குகிறார்கள். உறைந்த ஜெலட்டின் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதை ‘புளூம்’ என்ற எண்ணால் அளக்கிறார்கள். கடினமான கேப்சூல் உறைக்கு 200-க்கு மேல் புளூம் உள்ள ஜெலட்டினைக் கேட்பார்கள்.

உணவுத்தர அமிலம் என்பதால் ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கேனில் வரும் அடர்ந்த அசிட்டிக் அமிலம் கையில் பட்டால் வெந்துபோகும். அதன் நெடி மூச்சை அடைக்கும். இந்த அமிலங்கள் விலை கூடியவை. வேலையும் மெதுவாகவே நடக்கும். ஆனால் முறையாக நீர்த்துப் பயன்படுத்தினால், தொழிலாளியின் உடம்புக்கும் வெளியேறும் தண்ணீருக்கும் கந்தக அமிலம் செய்யும் கேட்டைவிட இது குறைவு. நமக்கு அந்த வேறுபாடு பெரிது. தொட்டிக்குள் கை விடுபவர் யார் என்பது நமக்குத் தெரியும்.

நீலத் துண்டைத் தொடாதே

தோல் ஆலைக் கழிவு எல்லாமே ஜெலட்டின் ஆகாது. குரோமியம் ஏற்றிப் பதனிட்ட தோல் நீலமாக இருக்கும். அதைச் சீவும்போது விழும் நீலத் துருவல் மலைபோலக் குவியும். அதில் கொலாஜன் இருக்கிறது. கூடவே குரோமியமும் இருக்கிறது.

2012 ஏப்ரலில் சீனாவில் நடந்ததை நினைவில் வைக்க வேண்டும். தோல் ஆலைக் கழிவிலிருந்து எடுத்த தொழிற்சாலை ஜெலட்டினைக் கேப்சூல் செய்பவர்களுக்கு விற்றது அந்நாட்டு அரசுத் தொலைக்காட்சியில் அம்பலமானது. ஒரு கிலோவுக்கு 2 மில்லிகிராம் குரோமியம் என்பது அங்கே கேப்சூலுக்கான வரம்பு. சோதித்த பல கேப்சூல்களில் அதைவிடப் பல மடங்கு இருந்தது. ஆலைகள் மூடப்பட்டன, பலர் கைதானார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று நீலத் துண்டில் கை வைப்பவர், முதலில் விழுங்குபவரின் உயிரோடும் அடுத்துத் தன் தொழிலோடும் விளையாடுகிறார்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவுச் சுகாதார விதி, 853/2004 எண் கொண்டது, இதில் இரண்டு கோடுகளைக் கிழித்திருக்கிறது. பதனிடும் வேலை எந்த அளவு நடந்திருந்தாலும் அந்தத் தோலை உணவு ஜெலட்டினுக்கு எடுக்கக்கூடாது என்பது ஒன்று. மாடு, ஆடு போன்ற வளர்ப்பு விலங்குகளின் தோல் என்றால், அவை முறையான கூடத்தில் அறுக்கப்பட்டு, சோதனையில் மனிதர் உண்ணத் தகுந்தவை என்று உறுதியாகியிருக்க வேண்டும் என்பது இன்னொன்று.

இரண்டாவது கோட்டை நம் மக்கள் கவனமாகப் படிக்க வேண்டும். அதன்படி செத்த மாட்டுத் தோல் இந்தத் தொழிலுக்குள் நுழையவே முடியாது. செத்த மாட்டைத் தூக்கி, உரித்து, அதற்காகவே இழிவுபடுத்தப்பட்ட அந்த வேலைக்கும் உணவு ஜெலட்டினுக்கும் தொடர்பு அறுந்துவிட்டது. தோல் தொழில் என்றாலே செத்த மாடுதான் என்று நம் மேல் ஒட்டிய அடையாளம் இந்த இடத்தில் செல்லாது.

கவலைச் சால் தைத்த கைகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பழைய விவசாயம் தோலை நம்பி நடந்தது. மின் மோட்டார் வருவதற்கு முன் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்தது கவலை ஏற்றம். அதன் சாலும் தோல் வாலும் கிழிந்தால் வயல் காய்ந்துவிடும். அதைத் தைத்தும் பழுது பார்த்தும் கொடுத்தவர்கள் அருந்ததியர்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் இந்தச் சமூகத்துக்கு எல்லையின் இரு பக்கமும் உறவு உண்டு. ஊர் முழுக்கச் சோறு தின்ன வழிசெய்த கைக்கு, களத்தில் கிடைத்தது சில மரக்கால் தானியமும் ஒதுக்கி வைக்கப்பட்ட குடியிருப்பும்தான்.

அம்பேத்கர் 1927 மார்ச்சில் மகாடில் நடந்த மாநாட்டிலேயே, செத்த மாட்டைத் தூக்குவதையும் அதன் இறைச்சியை உண்பதையும் விடச் சொன்னார். தோலும் கொம்பும் தரும் வருமானம் போய்விடுமே என்று சிலர் அக்கறை காட்டினார்கள். அந்த வருமானம் அவ்வளவு பெரிதென்றால் நீங்களே அந்த வேலையைச் செய்து பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் தான் பதில் சொன்னதை, 1956 அக்டோபர் 15-ல் நாக்பூரில் ஆற்றிய உரையில் அவர் நினைவுகூர்ந்தார். 2016 ஜூலை 11-ல் குஜராத்தின் உனாவில், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்கள் கட்டிவைத்து அடிக்கப்பட்டபோது, அங்குள்ள பலரும் இனி மாடு தூக்க மாட்டோம் என்று முடிவெடுத்ததும் இதே வழியில்தான்.

அப்படியிருக்க, தோல் தொழிலைப் பற்றி இன்று நாமே பேசலாமா? இரண்டு தலைமுறை பாடுபட்டு அந்தத் தொட்டியிலிருந்து பிள்ளைகளை வெளியே கொண்டுவந்தோம், மறுபடியும் அதே நாற்றத்துக்கு அனுப்புவதா என்று நம் காலனிகளில் கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் முழு நியாயம் இருக்கிறது. அதற்குச் சமாதானம் சொல்லி மழுப்ப நமக்கு விருப்பமில்லை.

நாம் சொல்வது இதுதான். சாதி என்று விதித்த வேலையை விட்டு வெளியேறுவது நம் உரிமை. அந்த வேலை லாபமுள்ள தொழிலாக மாறும்போது, முதலாளியாகவும் வேதியியலராகவும் அதற்குள் நுழைவதும் நம் உரிமை. அம்பேத்கர் மறுத்தது விதிக்கப்பட்ட இழிவை. ஆலையின் பங்குப் பத்திரத்தை யாரும் நம்மீது விதிக்கப்போவதில்லை. அதைப் போராடித்தான் பெற வேண்டும்.

யார் தொட்டியில், யார் ஆய்வுக்கூடத்தில்?

ஒரு ஜெலட்டின் ஆலைக்குள் இரண்டு உலகங்கள் இருக்கும். முன்வாசலில் பச்சைத்தோல் இறங்கும் இடம், கழுவும் தொட்டி, சுண்ணாம்புக் குழி, சவ்வு, வாடை. பின்கட்டில் கையுறை, வெள்ளை அங்கி, குளிரூட்டிய அறை, தரச்சான்று. சம்பளமும் மதிப்பும் பின்கட்டில்தான். தோல் தொழிலின் பழைய வழக்கம் தொடர்ந்தால், முன்வாசலில் நம் ஆட்களும் வடமாநிலத் தொழிலாளிகளும், பின்கட்டில் மற்றவர்களும் இருப்பார்கள். தனியார் ஆலையில் இடஒதுக்கீடு இல்லை. 2009-ல் வந்த அருந்ததியர் 3 சதவீத உள் ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றத்தின் 2024 தீர்ப்பு வலுப்படுத்தியிருக்கிறது. ஆனால் அது கல்வி நிறுவனங்களுக்கும் அரசு வேலைக்கும்தான் பொருந்தும்.

முன்வாசலில் நிற்பவருக்கு என்ன நேரும் என்பதற்கு ராணிப்பேட்டை சாட்சி. 2015 ஜனவரி 31 அதிகாலையில் அங்குள்ள சிப்காட் வளாகத்தில் தோல் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தோல் ஆலைத் தொட்டிகளைச் சுத்தம் செய்ய இறங்கி விஷவாயுவில் மாண்டவர்களும் தமிழ்நாட்டில் உண்டு. கொலாஜன் ஆலையிலும் கழிவுத் தொட்டி இருக்கும். புரதம் அழுகினால் அங்கும் அதே வாயுதான் வரும்.

தண்ணீரையும் மறக்கக்கூடாது. பெங்களூருவின் கழிவைச் சுமந்துகொண்டு தென்பெண்ணை தமிழ்நாட்டுக்குள் நுழைவது பாகலூரை அடுத்த கொடியாளம் பக்கம்தான். கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். உணவுத்தர அமிலம் பயன்படுத்தினாலும், ஜெலட்டின் ஆலையின் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் கொழுப்பும் புரதமும் மிகுதியாக இருக்கும். அப்படியே ஏரியில் விட்டால் ஆக்சிஜன் தீர்ந்து மீன் சாகும். கேரளத்தின் திருச்சூர் மாவட்டம் காதிக்குடத்தில், எலும்பிலிருந்து ஜெலட்டினுக்கான மூலப்பொருள் எடுக்கும் ஆலையின் கழிவுநீர் சாலக்குடி ஆற்றைக் கெடுக்கிறது என்று மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில், மாசுபடுத்துபவரே இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்பளித்தது. ஆற்றங்கரையின் தாழ்வான பகுதியிலும் ஏரிக்கரையிலும் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் நாம்தான். ஆலையால் வேலை வரும் என்று சொல்லி, குடிதண்ணீரைக் கேட்டால் கொடுக்க முடியாது.

என்ன கேட்க வேண்டும்?

இப்படி ஓர் ஆலை நம் பக்கம் வரும்போது கருத்துக்கேட்புக் கூட்டமோ கிராம சபையோ நடந்தால், நாம் எழுப்ப வேண்டிய கேள்விகள் நான்கு.

மூலத்தோல் எங்கிருந்து வருகிறது, நீலத் துண்டு கலக்கவில்லை என்பதற்கு யார் சான்று தருவது? கழிவுநீரை எங்கே சுத்திகரிக்கிறார்கள், அளவீட்டு விவரத்தை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதுவார்களா? தொட்டிக்குள் ஆள் இறங்காமல் இயந்திரத்தால் சுத்தம் செய்வதற்கு ஏற்பாடு என்ன? உள்ளூர்ப் பட்டியல் சமூகப் பிள்ளைகளுக்கு ஆய்வுக்கூட வேலையிலும் தரக்கட்டுப்பாட்டிலும் எத்தனை இடம், பயிற்சிக்கு யார் பொறுப்பு?

கேள்வியோடு நிற்காமல் நாமே தொடங்கவும் வழி இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2023-ல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் தொடங்கும் தொழிலுக்கானது. முதலீட்டில் 35 சதவீதம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி ரூபாய் வரை மானியமும், கடன் வட்டியில் 6 சதவீதச் சலுகையும் அதில் உண்டு. விண்ணப்பம் மாவட்டத் தொழில் மையம் வழியாக. தாட்கோ அலுவலகத்திலும் கேட்கலாம். கிருஷ்ணகிரியில் இரண்டும் இருக்கின்றன.

ஆலை முழுவதையும் ஒரே நாளில் கட்ட வேண்டியதில்லை. பதனிடாத துண்டுகளைத் தரம் பிரித்து, கழுவி, குளிர்பதனத்தில் வைத்து, எந்தக் கூடத்தில் அறுத்த விலங்கின் தோல் என்ற பதிவேட்டோடு பெரிய ஜெலட்டின் ஆலைக்கு அனுப்புவதே ஒரு தொழில். கோழித்தோலிலும் கோழிக்காலிலும் கொலாஜன் உண்டு. கறிக்கடைக்காரர் மூட்டை கட்டி வீசும் அந்தப் பொருள், முறையாகச் சேகரித்தால் மூலப்பொருளாகும். அதற்கு ஊருக்குள் கால்நடை மருத்துவர் சோதனையுடன் கூடிய நல்ல அறுப்புக்கூடம் வேண்டும். இதையும் கோரிக்கையாக வைக்கலாம். உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்புத் துறையின் உரிமமும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவும் இல்லாமல் ஓர் அடுப்பும் பற்றவைக்கக்கூடாது.

ஓசூர், கிருஷ்ணகிரி கல்லூரிகளில் வேதியியலும் உயிரித் தொழில்நுட்பமும் படிக்கும் நம் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். சென்னை ஏ.சி. தொழில்நுட்பக் கல்லூரியில் தோல் தொழில்நுட்பத்துக்கென்றே பி.டெக். படிப்பு இருக்கிறது. பிளஸ் 2 முடிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கலந்தாய்வுப் பட்டியலில் அதையும் சேர்த்துப் பாருங்கள். மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் குறுகிய காலப் பயிற்சிகளும் நடத்துகிறது. தோலைப் பற்றிப் படிப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. தோலின் உள்முறுக்கைக் கண்டு சொன்னவர்களை நாடு விஞ்ஞானிகள் என்று கொண்டாடுகிறது. தோலை அவர்களுக்கு முன்பே கையால் அறிந்த நம் பாட்டன் பூட்டனுக்குக் கிடைக்காத அந்த மரியாதையை, நம் பிள்ளைகள் பட்டம் பெற்று வாங்கட்டும்.

சுயஉதவிக் குழுக்களும் இளைஞர் மன்றங்களும் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேச வேண்டும். ஐந்தாறு பேர் சேர்ந்து ஒருநாள் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய், திட்ட அறிக்கைக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதி வாங்கி வந்தாலே முதல் படி ஏறியாயிற்று. ஆலை வந்த பிறகு வாசலில் நின்று வேலை கேட்பதைவிட, வருவதற்கு முன்பே நம் பெயரில் ஒரு விண்ணப்பம் பதிவாகியிருப்பது நல்லது.